நாலாம் மாடிக்கு இருபத்தாறு டீ

ஜூன் 2, திங்கள்

கம்பெனி கைமாறிவிட்டது. காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் ஒரே மெயில். 'ஏறிக்கோ' டாக்ஸி ஆப்பை இனி ருஷில் கபாடியா நடத்துவார். பேட்டரி, டிரோன், பணம் அனுப்பும் ஆப் என்று ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் வைத்திருக்கும் பம்பாய்ப் பெருங்கோடீஸ்வரர். வயது நாற்பத்தொன்றுதான். பேட்டரி கம்பெனியில் பாதிப் பேரை ஒரே வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு அனுப்பியவர். அதே கம்பெனியை இரண்டே வருடத்தில் மூன்று மடங்காக்கியவரும் அவர்தான். பாதி நாடு அவரைக் கும்பிடுகிறது, பாதி நாடு திட்டுகிறது. எனக்கு இரண்டுக்கும் நேரமில்லை. மூன்றாம் மாடி ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது.

ஃபெசிலிட்டீஸ் மேனேஜர் என்று என் அட்டையில் போட்டிருக்கும். நாற்காலி, விளக்கு, கதவு, கழிவறை, டீ என்று பொருள். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் கடற்படையில் ஸ்டோர் பார்த்தேன். இந்த நாட்குறிப்பு அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் எழுதிவிடுவேன். கப்பலில் எழுதாதது எதுவும் நடக்காதது.

காலை டீ: மூன்றாம் மாடி 41. நாலு 26. ஐந்து 38.

நாலாம் மாடிக் கதவு வழக்கம்போல. முட்டுக் கொடுத்த செடித்தொட்டி நடக்கிறவர்கள் காலில் இடிக்கிறது, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.

ஜூன் 4, புதன்

முதல் உத்தரவு. மீட்டிங் அறைகளில் நாற்காலி கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். எழுபத்திரண்டு நாற்காலிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம். முதுகு விட்டுப்போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாதாமாதம் இரண்டு மணி நேரம் உயிரை வாங்கும் பட்ஜெட் மீட்டிங் இன்று பதினோரு நிமிடத்தில் முடிந்தது. மனிதருக்கு மூளை இருக்கிறது.

சாயங்காலம் மெஹருன்னிசா வந்து எட்டிப் பார்த்தாள். நாலாம் மாடியில் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவி. டாக்ஸியில் போகிறவர்கள் பயந்து போய் ஆப்பில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது அவர்கள் மேசையில்தான். இருபத்தாறு பேர், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. இரவை ஐதராபாத் பார்த்துக்கொள்ளும்.

"என்னண்ணே, எங்க நாற்காலியையும் தூக்கிடுவீங்களா?"

"உங்க மீட்டிங் ரூம்ல இருந்த நாலைத்தான் எடுத்தேன்ம்மா. மத்ததுல கை வைக்கல."

"நின்னுக்கிட்டே வேலை பாக்கச் சொன்னா சொல்லுங்க, நான் எங்க வீட்டு கேஸ் அடுப்பையும் கொண்டாந்துடறேன். நின்னு வேலை பாத்துப் பழகின உடம்பு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இந்த ஆபீசில் என்னை 'சார்' என்று கூப்பிடாத ஒரே ஆள்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது உத்தரவு. செடிகள் வேண்டாம். "மூச்சுவிடும் எல்லாவற்றையும் நான் வேலை வாங்குவேன். செடி மட்டும் சும்மா நிற்கிறது" என்று அவர் இணையத்தில் எழுதியதை ஒரு லட்சம் பேர் ரசித்திருக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று மாடியிலும் சேர்த்து அறுபத்தொரு தொட்டி. அறுபதை இறக்கியாயிற்று. நாலாம் மாடிக் கற்றாழை மட்டும் இருக்கிறது. அதை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும்.

அந்தக் கதையையும் எழுதிவிடுகிறேன். கட்டடத்தின் கீழ்வாசல் எங்களுடையது இல்லை. நாலு கம்பெனிக்குப் பொது. கழுத்தில் அட்டை தொங்கினால் காவலாளி விட்டுவிடுவார். அட்டையைக் காட்டித் திறக்கும் கதவு மாடிக்கு ஒன்று. போன வருஷம் ஏப்ரலில் நாலாம் மாடிக் கதவில் அட்டை படிக்கும் மெஷின் மக்கர் செய்தது. கழிவறைக்குப் போன பெண் ஒருத்தி பதினோரு நிமிடம் உள்ளே வர முடியாமல் நின்றாள். உள்ளே அவள் மேசையில் சிவப்புப் பொத்தான் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து எடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. மெஹர் கீழே வந்து என் மேசை முன் நின்று, இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாது என்றாள்.

அன்றைக்கே சிமெண்ட் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் முட்டுக் கொடுத்தேன். மெஹர் அதன்மேல் வெள்ளை மார்க்கரில் 'கதவை மூடாதீங்க ப்ளீஸ்' என்று எழுதினாள். மெஷின்காரர்களுக்கு இரண்டு முறை போன் செய்தேன். பாகம் வர வேண்டும் என்றார்கள். அப்புறம் எனக்கும் மறந்துவிட்டது.

கதவு மெஷின்கள் வேலை செய்கின்றன என்று மாதாமாதம் தலைமை ஆபீசுக்கு ஒரு படிவம் போகும். எல்லாக் கதவுக்கும் டிக் போட்டுக் கையெழுத்து போடுவேன். கதவு நன்றாகத்தான் இருக்கிறது, திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

'செடிகள் அகற்றப்பட்டன' என்று பதில் அனுப்பினேன்.

டீ: 41, 26, 37.

ஜூன் 12, வியாழன்

டீ: 40, 26, 38. ஏசி சரியாகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

பம்பாயிலிருந்து கபாடியாவின் உதவியாளர் சௌம்யதீப் போன் செய்தார். கதவு மெஷின்களில் பதிவான பன்னிரண்டு மாத விவரம் வேண்டும், மாடி மாடியாக, ஆள் ஆளாக. எதற்கு என்று கேட்டேன். "சார் எண்களைப் பார்க்க விரும்புகிறார்" என்றார். மின்சாரக் கட்டணம், லிஃப்ட் நேரம் இப்படி ஏதாவது இருக்கும்.

எடுத்தேன். நாலாம் மாடிக் கட்டம் கொஞ்சம் காலியாக இருந்தது. கீழே ஒரு குறிப்புப் போடலாமா என்று யோசித்தேன். போட்டால் அந்தப் படிவங்களைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு சின்ன விஷயத்துக்காகப் பதினாலு கையெழுத்தைத் தோண்டுவானேன். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

நாலு பத்துக்கு அனுப்பினேன். நாலு பதினொன்றுக்கு 'நன்றி' என்று வந்தது.

டீ: 41, 26, 38.

ஜூன் 17, செவ்வாய்

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி மனைவி பியூலா, ஏன் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மீன் முள் என்றேன். இன்றைக்கு வீட்டில் வத்தக்குழம்பு.

ஜூன் 20, வெள்ளி

டீ: 41, 26, 38. டீ கொடுத்து முடித்துப் பதினைந்து நிமிடத்தில் அது வந்தது.

கபாடியா இணையத்தில் எழுதியது இது: "சென்னை ஆபீசின் நாலாவது மாடியில் இருபத்தாறு பேர் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். கதவைக் கேட்டேன். பன்னிரண்டு மாதத்தில் ஒருவர்கூட உள்ளே வரவில்லை என்றது. ஆபீஸ் வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆவிகளை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை."

அரை மணி நேரத்தில் 'ஆவி மாடி' என்று நாடே பேசியது. யாரோ இருபத்தாறு பேரின் பெயரையும் போட்டோவையும் தேடி எடுத்து ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். இருபத்தாறு பேருக்கும் ஒரே வரியில் மெயில். நம்பிக்கைத் துரோகம், இன்றோடு விலக்கம், அனுபவச் சான்று கிடையாது. சிவப்புப் பொத்தானை இனி மெஷினே பார்த்துக்கொள்ளும், இரவும் பகலும். அட்டைகளை ஒரு மணிக்குள் முடக்கும்படி எனக்கு உத்தரவு. முடக்கினேன்.

அவர்கள் அப்போது மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை எழுதியாக வேண்டும்.

மெஹர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி வந்தாள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் ஒரு சின்ன மேசை விசிறி.

"அண்ணே, அந்தக் கதவு தொறந்தேதானே கெடந்துச்சு? நாங்க எங்க அட்டை காட்றது? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, போதும்."

"மேல பேசறேன்ம்மா."

"இன்னிக்கே பேசுங்கண்ணே. எங்க மாமியார் வீட்டு வாட்ஸ்அப்ல எல்லாம் வந்துடுச்சு. ஒரு வருஷமா எங்கடி போயிட்டு வந்தேன்னு எங்க வீட்டுக்காரர் போன்ல கேக்கறாரு. அப்படிக் கேட்டாரு."

"பேசறேன்."

நாலு மணிவரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்பாயில் யார் இருப்பார்கள் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

லீவு நாள்தான், ஆனாலும் போனேன். மெஷின்காரர்களை வரச் சொல்லியிருந்தேன். டெக்னீஷியன் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, "ஒரு ஒயர் கழண்டிருக்கு சார், அவ்ளோதான்" என்றார். பத்து நிமிடம். பாகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சும்மா கிடக்கிற மாடிதானே, கதவு ஒழுங்காக மூடினால் நல்லது என்றுதான் கூப்பிட்டேன்.

தொட்டியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பியூலா பால்கனியில் இடம் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். "என்னத்துக்குங்க இது? அறுபத தூக்கி நர்சரிக்குக் குடுத்தேன்னு சொன்னீங்க."

"இது நல்லா வளந்த செடி."

"மேல என்னமோ எழுதியிருக்கே."

எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி தொட்டியைத் திருப்பி வைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

கபாடியாவே எனக்கு மெயில் எழுதியிருக்கிறார். உதவியாளர் இல்லை, அவரே. "மற்றவர்கள் எனக்கு விளக்கம் அனுப்புகிறார்கள். நீங்கள் எண்ணை அனுப்பினீர்கள். இப்படிப்பட்ட ஆட்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். சந்திப்போம். ரு."

நான் இதை நாலு முறை படித்தேன். இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததில் மேலே இருந்து ஒருவர் எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. கப்பலில்கூடக் கேப்டனுக்கு என் பெயர் தெரியாது. பியூலாவிடம் காட்டினேன். அவள் உடனே பாளையங்கோட்டையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

பேன்ட்ரியில் டீ போடும் பவுனு வழக்கம்போல நாலாம் மாடித் தட்டையும் நிரப்பிவிட்டாள்.

"இன்னா சார் பண்றது, கை பழக்கம். இருபத்தாறு ஊத்திட்டேன். அந்தக் கத்திரிப்பூ கலர் சேலைக்காரப் பொண்ணுக்குச் சக்கரை இல்லாமகூட எடுத்து வச்சிட்டேன்." கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துவிட்டு, "ஆவியாம்ல சார். ஆவிக்கு சக்கர வியாதி வருமா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சிங்க்கில் கொட்டினாள்.

டீ: 41, 0, 38.

ஜூன் 24, செவ்வாய்

டீ: 39, 0, 38. ஐந்தாம் மாடி கழிவறையில் குழாய் மாற்றினேன்.

ஜூன் 27, வெள்ளி

பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு செய்தி. நேற்று மதியம் ஒரு நர்ஸ், வேலை முடிந்து எங்கள் டாக்ஸியில் போயிருக்கிறார். டிரைவர் வழி மாறிப் போகிறார் என்று சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். மூன்று முறை. மெஷினிலிருந்து பதில் வந்திருக்கிறது: 'உங்கள் பயணம் எப்படி இருக்கிறது? நட்சத்திரம் கொடுங்கள்.' சிக்னலில் வண்டி மெதுவானபோது கதவைத் திறந்து குதித்துவிட்டார். மணிக்கட்டு முறிவு. டிரைவர் மேம்பால வேலை நடப்பதால் சுற்றிப் போனாராம். அவர் மேல் தப்பில்லையாம்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து சட்டையை மாற்றுவதற்குள் மணி அடித்தது. மெஹர். தனியாக வந்திருந்தாள். பியூலா உட்காரச் சொல்லி டீ போடப் போனாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்கண்ணே. நாங்க எல்லாரும் சேர்ந்து லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம். அடுத்த மாசம் இருபத்தொண்ணாம் தேதி கூப்பிட்டிருக்காங்க. கதவு ரிப்பேர்னு உங்ககிட்ட இருந்து ஒரு லெட்டர் கெடச்சா..." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "மூணு எடத்துல இன்டர்வியூ போனேன். மூணு எடத்துலயும் பேரைக் கேட்டதும் போனை எடுத்துப் பாக்கறாங்க. அப்புறம் பேச்சே மாறிடுது. வீட்டுக்காரர் இப்பெல்லாம் கேக்கறதில்ல. கேக்காம இருக்காரு பாருங்க, அதுதான் தாங்கல."

"மேல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்ம்மா" என்றேன். பொய்.

வெயில் ஹாலுக்குள் அடிக்கிறது என்று பியூலா பால்கனி கதவை ஒருக்களிக்கப் போனாள். மெஹரின் பார்வையும் அந்தப் பக்கம் போனது. பியூலா பெருக்கும்போது தொட்டியை நகர்த்தியிருப்பாள் போலிருக்கிறது. எழுத்து இந்தப் பக்கம் இருந்தது.

மெஹர் எழுந்து போய் அதன் முன்னால் நின்றாள். வெகுநேரம் நிற்கவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி அதிகமா ஊத்தறீங்க சார். கத்தாழைக்கு இவ்ளோ கூடாது. வேர் அழுகிடும்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். லெட்டரைப் பற்றிப் பிறகு பேசவில்லை. டீ மேசையில் ஆடை படிந்து கிடந்தது.

பியூலா டம்ளரை எடுக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "அந்தப் பிள்ளை உங்கள அண்ணேன்னுதான கூப்பிட்டுக்கிட்டு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

பியூலாவிடம் சொல்லிவிட்டேன். தொட்டி, ஒயர், பதினாலு கையெழுத்து, ஜூன் 16, எல்லாம். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நறுக்கி முடித்தபிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க அண்ணன்கிட்ட அந்த மெயில நான் சத்தமா படிச்சேனேங்க" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

கபாடியா சென்னைக்கு வந்தார். சாதாரண நீலச் சட்டை, ரப்பர் செருப்பு. மூன்றாம் மாடியில் காரிடாரில் கிடந்த காகிதத்தை அவரே குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டார். என்னைக் கூப்பிட்டுக் கட்டடம் முழுக்கச் சுற்றினார். ஏசி குழாய் எந்த வழியாகப் போகிறது, மழை பெய்தால் எந்த மூலை ஒழுகும், எல்லாம் கேட்டார். மேலே உள்ளவர்கள் யாரும் இதுவரை கேட்காத கேள்விகள். அவர் கேட்கக் கேட்க என் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது.

காலியான நாலாம் மாடியில் நின்றோம். மேசைகளின்மேல் தூசி. அங்கே வைத்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அது ஒருவகையில் நல்லது. "சார், இந்தக் கதவு பதினாலு மாதம் திறந்தே இருந்தது. நான்தான் முட்டுக் கொடுத்தேன். மெஷின் கெட்டிருந்தது. கெடவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு பேரும் தினமும் வந்தார்கள்."

நான் சொன்னதை அவர் முழுசாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு, "அவர்கள் போய் எத்தனை நாள் ஆகிறது?" என்றார்.

"பதினாலு நாள், சார்."

"ஆப் ஓடுகிறதா?"

"ஓடுகிறது. ஆனால் அந்த நர்ஸ்..."

"படித்தேன். அந்தப் பதிலை மாற்றச் சொல்லிவிட்டேன்." ஜன்னல் பக்கம் போய் நின்றார். "என் முதல் கம்பெனியில் முந்நூறு பேர். யாரையும் அனுப்ப மனசு வரவில்லை. ஒரு வருடம் இழுத்தேன். கடைசியில் முந்நூறு பேருக்கும் வேலை போனது. அன்றிலிருந்து சீக்கிரம் முடிவெடுக்கிறேன். கதவு தப்பு, சரி. முடிவு தப்பில்லை."

"முடிவு உங்களுடையது சார். ஆனால் அவர்களை நீங்கள் ஆவி என்று எழுதினீர்கள். அதையாவது எடுத்துவிடுங்கள்."

"இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்."

"கேட்டால் சொல்லலாமே, சார்."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நீங்களாக வந்து சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை இந்த அறையோடு விட்டுவிடுங்கள்" என்று என் தோளைத் தட்டினார். மீட்டிங் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கொடூரமானவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். அவர் அப்படி இல்லை. நான் ஜூன் 16 அன்று யோசித்ததைத்தான் அவரும் யோசிக்கிறார்; கொஞ்சம் பெரிய அளவில்.

ஜூலை 5, சனி

சௌம்யதீப்பிடமிருந்து மெயில். கபாடியாவின் நாலு கம்பெனிக்கும் சேர்த்து என்னைத் தலைமை ஃபெசிலிட்டீஸ் மேனேஜராக்குகிறார்கள். பம்பாயில் வீடு. பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

கேமராப் படம் இருக்குமே என்று இன்றைக்குத்தான் தோன்றியது. லிஃப்ட் வாசல் கேமரா கட்டடக்காரருடையது. காவலாளியிடம் கேட்டேன். பதினைந்து நாள்தான் நிற்குமாம். ஜூன் 20 படம் நேற்றோடு அழிந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

லெட்டர் எழுத உட்கார்ந்தேன். 'கதவு திறந்திருந்தது, எல்லாரும் வந்தார்கள்.' எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. பதினாலு மாதம் பொய்க் கையெழுத்து போட்டவன் பதினைந்தாவதாக ஒன்று போடுகிறான், அவ்வளவுதானே.

சாயங்காலம் பியூலா பரணிலிருந்து போன வருஷத்து நாட்குறிப்பை எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். "நீங்கதான் எதையும் விடாம எழுதுவீங்களே. அந்தக் கதவப் பத்தி ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க."

கதவைப் பற்றி இரண்டே வரி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் டீ இருந்தது. நாலு 26. நாலு 26. நாலு 25, 'ஒருத்திக்கு அம்மை'. நாலு 24, 'இரண்டு பேர் கல்யாணத்துக்கு'. நாலு 27, 'மெஹர் அம்மா வந்திருந்தார்கள், ஏலக்காய் கேட்டார்கள்'. டிசம்பர் புயலன்று மூன்றாம் மாடி 9, ஐந்தாம் மாடி 6, நாலு 26. அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார்கள். நானே எழுதியிருக்கிறேன், 'நாலாம் மாடியில் துண்டு கேட்டார்கள், பவுனு கொடுத்தாள்' என்று.

தேதி போட்டு, என் கையெழுத்தில், யாருக்காகவும் எழுதாதது. பியூலா என் தோளுக்கு மேலே குனிந்து அவளும் படித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் துண்டு ஞாபகம் வந்தது.

மெஹருக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள். சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, "டீ இருக்கற பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க சார், போதும். மத்தது உங்க சொந்த விஷயம்" என்றாள்.

நியாயமாகத்தான் சொன்னாள். எனக்கும் அதுதான் வசதி.

ஜூலை 10, வியாழன்

பம்பாய்க்கு இரண்டு மெயில் அனுப்பினேன். ஒன்று, வேலை வேண்டாம். புதியதும் வேண்டாம், பழையதும் வேண்டாம். இரண்டாவது, பதினாலு படிவத்திலும் நாலாம் மாடிக் கதவுக்கு நான் போட்ட டிக் பொய் என்று. நகல் லேபர் ஆபீசுக்கு. நாலு பத்துக்கு அனுப்பினேன். இந்தத் தடவை 'நன்றி' வரவில்லை.

ஜெராக்ஸ் கடையில் டீ பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். கடையில் நின்று புரட்டினால், ஜூன் 16 பக்கத்திலும் டீ இருக்கிறது. 20 பக்கத்திலும் இருக்கிறது. 23 பக்கத்தில், கபாடியாவின் மெயிலை நாலு முறை படித்த அதே பக்கத்தில், நாலாம் மாடிக்கு நேரே 0 இருக்கிறது. டீயை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வழியில்லை. வெட்டின பக்கத்தை எவன் நம்புவான். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாட்குறிப்பையும் முழுசாகக் கொடுக்கப்போகிறேன்.

மெஹர் வந்திருக்கிறாள். வாங்கிக்கொண்டு போக ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைய பக்கத்தையும் முடித்துத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். பியூலா அவளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மெஹர் வீட்டுக்காரர் கீழே வண்டியில் நிற்கிறாராம். மேலே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாராம்.

இதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு ஒரு வார்த்தை. ஜூன் 16 அன்று, நாலாம் மாடிக் கட்டம் 'கொஞ்சம் காலியாக இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். முழுக்கக் காலியாக இருந்தது. 21 அன்று டெக்னீஷியனைக் கூப்பிட்டதற்கு எழுதியிருக்கும் காரணமும் பொய். தடயத்தை மறைக்கத்தான் கூப்பிட்டேன். எதையும் அடித்துத் திருத்தவில்லை. அன்றைக்கு எப்படி எழுதினேனோ அப்படியே இருக்கட்டும்.

"முடிஞ்சுதா சார்?" என்று கேட்கிறாள். இன்னும் சார்தான்.

வீட்டில் டீ: 3. எனக்கு, பியூலாவுக்கு, மெஹருக்கு. அவள் டம்ளரில் பாதி குடித்திருக்கிறாள்.